நீர்ப்பம்பியின் தேய்ந்த மோட்டரை மாற்றுதல்

ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், தோட்டப் பயிர்ச்செய்கை கிணற்று நீரையே நம்பி நிற்கின்றது. முன்னாளில் துலா மிதித்துப் பட்டையால் நீரிறைத்த கமக்காரர், பின்னர் மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரங்களுக்கு மாறினர். 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை இலீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தபோது, மின்மோட்டர் பூட்டிய பம்பிகளின் சிக்கனம் யாவர்க்கும் தெளிவாயிற்று.

ஆயினும், மோட்டரும் தேயும் பொருளே. வெங்காயமோ மிளகாயோ பூமியில் நிற்கும் வேளையில் அது நின்றுவிட்டால், இறைப்பு முறை தவறிப் பயிர் வாடும். அந்த அவசரத்தில் கடைக்கு ஓடிக் கிடைத்த மோட்டரை வாங்கிப் பூட்டுவோர் பலர். "பழையது ஒரு குதிரைவலு, இம்முறை இரண்டாகப் போடுவோம்" என்று எண்ணுவோரும் உளர். முன்னையதால் புது மோட்டரும் விரைவிற் பழுதாகலாம்; பின்னையதால் கிணறே கெடலாம். ஆதலின், பழைய மோட்டர் ஏன் பழுதாயிற்று என்பதை முதலில் அறிந்து, பின்னர் அதே அளவான மோட்டரைப் பூட்டுவதே முறையாகும். வீடுகளிலும் சிறு தோட்டங்களிலும் வழங்கும் ஒருதறுவாய் 230 வோல்ற்று மோட்டர்களைப் பற்றியே இத்துண்டுப்பிரசுரம் கூறுகின்றது.

மோட்டர்தான் பழுதா?

எதையும் தொடுமுன் பிரதான ஆளியை நிறுத்தி, மற்றெவரும் அதனைப் போடாதபடி பூட்டவேண்டும். அல்லது அறிவித்தல் ஒன்றைத் தொங்கவிடவேண்டும். அதன்பின் மோட்டரின் பின்புற விசிறி மூடியைக் கழற்றித் தண்டைக் கையாற் சுழற்றிப் பார்க்கவும்.

தண்டு அசையாவிடின், பழுது பம்பியிலும் இருக்கலாம். நமது கிணற்று நீரிற் சுண்ணாம்பு மிகுதி. மாரியில் இறைப்பின்றிப் பல வாரம் நின்ற பம்பியினுள், நீரைத் தள்ளும் சில்லின்மேற் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுதல் உண்டு. இதற்குப் பம்பியைத் திறந்து துப்புரவு செய்தலே போதுமானது.

தண்டு எளிதிற் சுழன்றும், மின் கொடுத்தபோது மோட்டர் இரைந்துகொண்டு நின்றதாயின், பெரும்பாலும் கப்பாசிற்றர் பழுதாகியிருக்கும். முழு மோட்டரின் விலையோடு ஒப்பிடின் இஃது அற்ப விலையுள்ள உறுப்பு. மின்னை நிறுத்திய பின்னரும் கப்பாசிற்றரில் மின் தங்கி நிற்குமாதலின், அதனை வெறுங்கையாற் தொடலாகாது. இழை மின்குமிழ் ஒன்றின் இரு வயர்களையும் காப்பிட்ட பிடிகொண்டு அதன் இரு முனைகளிலும் சிறிது நேரம் வைத்து, தங்கிய மின்னைப் போக்கியபின்னரே கழற்றவேண்டும்.

ஓடும்போது கீச்சிடும் ஓசையோ உறுமலோ கேட்பின், பெயாரிங் தேய்ந்துள்ளது. அதன் இலக்கம் வளையத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதே இலக்கமுள்ளதை வாங்கி மாற்றுவிக்கலாம். கருகிய மணம் வீசி, சுருளின் மெருகு கறுத்து, ஆளி போட்டவுடன் மின் துண்டிக்கப்படுமாயின், சுருள் எரிந்துள்ளதென ஐயுறலாம். மின்வேலை அறிந்தவரைக்கொண்டு 500 வோல்ற்றுக் காப்புச் சோதனைக் கருவியாற் சோதிப்பித்தல் நன்று. சுருளுக்கும் உடலுக்குமிடையே காப்பு ஒரு மெகோமுக்குக் குறையுமாயின் அந்த மோட்டரை ஓட்டுதல் தகாது. சுருளை மீளச் சுற்றுவிக்கும் செலவையும் புதியதன் விலையையும் ஒப்பிட்டே முடிவு செய்யவேண்டும். உடலும் தண்டும் நல்ல நிலையிலிருப்பின், நல்ல வேலைக்காரர் சுற்றிய பழைய மோட்டர், மலிவான புதியதிலும் மேலாகலாம்.

பழுதின் காரணத்தைக் காணல்

மோட்டர்கள் வயதால் மட்டும் அழிவதில்லை. பெரும்பாலும் மூன்று காரணங்கள் காணப்படும்.

முதலாவது, நீர்க்கசிவு. பம்பிக்கும் மோட்டருக்குமிடையே நீர் வெளிவராது தடுக்கும் சீல் தேய்ந்துவிட்டால், நீர் துளித்துளியாகத் தண்டின் வழியே வந்து முன் பெயாரிங்கைத் துருவாக்கும். பின்னர் சுருளையும் நனைக்கும். சீல் தேய்வதற்கு முக்கிய காரணம் பம்பி நீரின்றி ஓடுதலாகும். கிணற்று நீர் இறங்கி, உறிஞ்சு குழாயின் அடியிலுள்ள புட்வால்வு வெளியே தெரிந்தபின்னும் பம்பி ஓடுமாயின், சீல் சில நிமிடங்களிற் சூடேறிக் கெடும்.

இரண்டாவது, மெல்லிய வயர். வீட்டிலிருந்து கிணறு 100 மீற்றர் தொலைவிலிருப்பதாகவும், மோட்டர் 6 அம்பியர் எடுப்பதாகவும் கொள்வோம். 1 சதுர மில்லிமீற்றர் செப்பு வயராயின் ஏறத்தாழ 22 வோல்ற்று வழியிலேயே நட்டமாகும், 2.5 சதுர மில்லிமீற்றர் வயராயின் 9 வோல்ற்று மட்டுமே நட்டமாகும். வோல்ற்று பத்திலொரு பங்கு குறைந்தால் மோட்டரின் சுழற்றும் வலிமை ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறையும். புறப்படும் வேளையில் மோட்டர் பலமடங்கு அம்பியரை இழுக்குமாதலின் நட்டமும் அப்போது பன்மடங்காகும். மோட்டர் தவித்துப் புறப்படுவதும், நாளடைவிற் சுருள் எரிவதும் இதனாலேயே.

மூன்றாவது, காற்றின்மை. மழைக்கு அஞ்சி உரப்பையால் மோட்டரைப் போர்த்தி, அதனை எடுக்காமலே ஓட்டுதல் பலரிடம் காணப்படும் வழக்கம். மேலே கூரையும் நாற்புறமும் காற்றும் இருத்தல் வேண்டும்.

இம்மூன்றினுள் எது காரணமென்று அறிந்து திருத்தாது புதிய மோட்டரைப் பூட்டினால், பழையதற்கு நேர்ந்ததே புதியதற்கும் நேரும்.

பொருத்தமான மோட்டரைத் தெரிதல்

பழைய மோட்டரின் பெயர்த்தகட்டைத் துடைத்து, அதிலுள்ளவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டே கடைக்குச் செல்லவேண்டும். வோல்ற்று, மீடிறன், குதிரைவலு அல்லது கிலோவாட், நிமிடச் சுற்று, அம்பியர், சட்ட இலக்கம் ஆகியன அவற்றுள் இன்றியமையாதவை.

நமது நாட்டு மின் 230 வோல்ற்று, 50 ஹேட்ஸ். 110 வோல்ற்று, 60 ஹேட்ஸ் எனப் பொறித்த பழைய மோட்டர்கள் மலிவாகக் கிடைப்பினும் நமக்கு உதவா.

நிமிடச் சுற்று சிறப்பாகக் கவனிக்கற்பாலது. மோட்டர்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,850 சுற்று அல்லது 1,425 சுற்று ஓடுவன. பம்பியின் வேகம் இருமடங்கானால் அதற்கு வேண்டிய வலு எண்மடங்காகும். ஆதலின், 1,425 சுற்றுக்கு அமைந்த பம்பிக்கு 2,850 சுற்று மோட்டரைப் பூட்டினால் அது சுமை தாங்காது எரியும். மாறாகச் செய்தால் நீர் மேலெழாது.

சட்ட இலக்கம் 71, 80, 90 என்றவாறு இருக்கும். அஃது அடித்தளத்திலிருந்து தண்டின் நடுவரையுள்ள உயரத்தை மில்லிமீற்றரிற் குறிப்பதாகும். இவ்வகை மோட்டர்களில் தண்டின் விட்டம் வழக்கமாக முறையே 14, 19, 24 மில்லிமீற்றராகும். இலக்கம் ஒன்றாயின் பழைய இரும்புத்தளத்திலேயே புதியது அமரும்.

பெரிய மோட்டரும் கிணறும்

பெரிய மோட்டர் போட்டால் அதிக நீர் கிடைக்குமென்பது பொதுவான எண்ணம். ஆயின் நீரைத் தருவது மோட்டரன்று, கிணறே. இதனை ஒவ்வொருவரும் தம் கிணற்றில் அளந்தறியலாம். இறைப்பு முடிந்தவுடன் அடையாளமிட்ட கயிற்றால் நீர்மட்டத்தை அளந்து, ஒரு மணி நேரத்தின்பின் மீண்டும் அளக்கவும். எடுத்துக்காட்டாக, 3 மீற்றர் விட்டமுள்ள வட்டக் கிணற்றில் நீர் 30 சென்ரிமீற்றர் ஏறியிருப்பின், அக்கிணறு அம்மணி நேரத்திற் சுரந்தது ஏறத்தாழ 2,100 இலீற்றர். நிமிடத்துக்கு 200 இலீற்றர் இறைக்கும் பம்பியோ மணிக்கு 12,000 இலீற்றரை வெளியேற்றும். நீர்மட்டம் மணிக்கு ஏறத்தாழ 1.4 மீற்றர் இறங்கும். இதனிலும் பெரிய பம்பி பூட்டினால் கிணறு விரைவில் வற்றும், புட்வால்வு வெளியே தெரியும், சீல் கெடும், புதிய மோட்டரும் பழையதன் வழியே போகும்.

இதனினும் பெருங்கேடு ஒன்று உண்டு. குடாநாட்டின் சுண்ணக்கல்லினுள் மழையால் இறங்கிய நன்னீர், பாரம் மிகுந்த கடல்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், அதன்கீழ் ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் உண்டென்பது கோட்பாடு. எனவே, நிலத்தடி நீர்மட்டம் ஓரடி தாழ்ந்து அப்படியே நிலைக்குமாயின், கீழுள்ள உவர்நீர் காலப்போக்கில் 40 அடி வரை மேலெழலாம். நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருத்தல் பலரும் அறிந்ததே. எரிந்த மோட்டரை ஒரு நாளில் மாற்றலாம். உவரான கிணற்றைத் திருத்தப் பல மாரிகள் வேண்டும். அக்கிணறு ஒருவருடையதேனும், அதன் அடியிலுள்ள நீர் அயலார் அனைவருக்கும் பொதுவானது.

மாற்றும் முறை

பம்பியும் மோட்டரும் ஒரே இரும்புத்தளத்தில் தனித்தனியே நின்று, கப்பிளிங்கால் இணைந்த அமைப்பை இங்கு எடுத்துக்கொள்வோம்.

1. பிரதான ஆளியை நிறுத்தியபின், வயர்கள் எந்த முனையில் எது உள்ளதென்பதைப் படமாக வரைந்துகொண்டே கழற்றவும்.

2. கப்பிளிங்கின் போல்ற்றுகளையும், மோட்டரின் நான்கு அடிப் போல்ற்றுகளையும் கழற்றவும். அடியில் மெல்லிய தகடுகள் இருப்பின், எந்தக் காலின்கீழ் எத்தனை இருந்தனவென்று குறித்துவைக்கவும்.

3. கப்பிளிங்கின் மோட்டர்ப் பாதியைச் சுத்தியலால் அடித்துக் கழற்றுதலும் பூட்டுதலும் கூடாது. அடி பெயாரிங்கைச் சேதப்படுத்தும். இழுத்துக் கழற்றும் கருவியை உபயோகிக்கவும். பம்பியின் சீல் தேய்ந்திருப்பின் அதனையும் இவ்வேளையிலேயே மாற்றவும்.

4. புதிய மோட்டரைத் தளத்தில் வைத்து, கப்பிளிங்கின் இரு பாதிகளின் விளிம்பின்மேலும் நேர்மட்டம் ஒன்றை மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கிடத்தும் வைத்துப் பார்க்கவும். நான்கிடத்தும் அது சரியாகப் படியவேண்டும். இரு பாதிகளுக்குமிடையேயுள்ள இடைவெளியும் சுற்றிலும் ஒன்றாயிருக்கவேண்டும். தாழ்ந்த காலின்கீழ் மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்யலாம். போல்ற்றுகளை இறுக்கியபின் மீண்டும் பார்க்கவேண்டும். இறுக்கும்போது நேர் பிசகுதல் உண்டு.

5. வயர் இணைப்பை அனுமதி பெற்ற மின்னிணைப்பாளரைக்கொண்டே செய்விக்கவும். மோட்டரின் இரும்புடல் புவித்தொடுப்பு வயரோடு உறுதியாக இணைந்திருத்தல் வேண்டும். 30 மில்லி அம்பியர் மின் கசிந்தாலே துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் அவ்விணைப்பில் இருத்தல் அவசியம். ஈர நிலத்தில் வெறுங்காலுடன் நிற்பவருக்கும், கிணற்றடியிற் குளிக்கும் சிறுவருக்கும் இதுவே உயிர்க்காப்பு. அது அடிக்கடி விழுகின்றதென்று அதனைத் தவிர்த்து நேரே இணைத்தல் ஒருபோதும் தகாது. விழுதல், எங்கோ மின் கசிகின்றதென்பதன் அறிவிப்பாகும்.

மோட்டரும் பம்பியும் ஒரே தண்டில் அமைந்த பம்பிகளில் நேர் பார்க்கும் வேலை இல்லை. ஆயின் மோட்டரை எடுக்கும்போது நீர் தள்ளும் சில்லையும் சீலையும் கழற்றவேண்டியிருக்கும். கழற்றிய பழைய சீலை மீண்டும் போடாது, புதியதையே பூட்டவேண்டும்.

ஓட்டிப் பார்த்தல்

கப்பிளிங்கை இணைக்குமுன், மோட்டரைத் தனியே ஒரு கணம் ஓட்டிச் சுழலும் திசையைப் பார்க்கவும். பம்பியின் உடலிலுள்ள அம்புக்குறியின் திசையே சரியானது. மாறியிருப்பின், முனைப்பெட்டி மூடியின் உட்புறத்திலுள்ள படத்தின்படி மின்னிணைப்பாளர் மாற்றித் தருவார். மின்னை மீண்டும் நிறுத்திக் கப்பிளிங்கை இணைத்து, அதன்மேல் காப்பு மூடியையும் பூட்டியபின், பம்பியையும் உறிஞ்சு குழாயையும் நீரால் நிரப்பியே ஓட்டவேண்டும்.

வாய்க்காலில் நீர் சீராக ஓடத் தொடங்கியதும், வயரைச் சுற்றிப் பிடித்து அம்பியரை அளக்கும் கருவியால் அளந்து பார்க்கவும். பெயர்த்தகட்டிலுள்ள அளவைத் தாண்டுமாயின் உடனே நிறுத்திக் காரணத்தைத் தேடவேண்டும். கையாற் தொட்டுச் சூட்டைப் பார்ப்பது மட்டும் போதாது. நல்ல மோட்டரும் ஓடும்போது கை பொறுக்காத சூடு கொள்ளலாம்.

பூட்டிய திகதி, பெயர்த்தகட்டு விவரம், அன்று அளந்த அம்பியர், கிணற்றின் நீர்மட்டம் ஆகிய நான்கையும் ஒரு கொப்பியிற் குறித்துவைத்து, ஒவ்வொரு போகத் தொடக்கத்திலும் மீண்டும் அளந்து எழுதவும். அம்பியர் ஏறிவருதல் மோட்டரோ பம்பியோ இடர்ப்படுவதைக் காட்டும். நீர்மட்டம் ஆண்டுக்காண்டு இறங்கிவருதல் கிணறு தளர்வதைக் காட்டும். நீரிற் கரிப்புத் தென்படுமாயின், போத்தலொன்றில் நீரை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் சென்று ஆலோசனை பெறுவீர்களாக.