ஆன்லைன் பி.டி. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும்!

கம்ப்யூட்டர் வழியாக உடற்பயிற்சி வகுப்பு நடத்த முடியுமா? முடியும். ஆனால் பார்வையற்ற, காது கேளாத, சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைகளும் அதில் பங்கேற்க வேண்டும். 5 முதல் 17 வயதுள்ளவர்களுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் பரிந்துரைத்தது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் அதே 60 நிமிடம்தான்.

ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும்போது, 5 நிமிட வகுப்பு ஒன்றை வெப்கேமில் பதிவு செய்து மூன்று சோதனைகள் செய்யச் சொல்வேன்.

சோதனை 1: மானிட்டரை ஆஃப் செய்துவிட்டுக் கேளுங்கள். "இப்படிக் கையைத் தூக்குங்கள்" என்பது பார்வையற்ற பிள்ளைக்குப் புரியாது. "வலது கையைக் காதை ஒட்டி நேராக மேலே நீட்டுங்கள்" என்றால் புரியும்.

சோதனை 2: ஸ்பீக்கரை மியூட் செய்துவிட்டுப் பாருங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருட்டாகிவிடும்; உதட்டசைவு தெரியாது. வெளிச்சம் முகத்தில் விழட்டும். விசிலோடு கையசைவும் காட்டுங்கள். சைகை மொழிபெயர்ப்பாளர் இருந்தால், ஜூமில் அவருடைய கட்டத்தின் மூன்று புள்ளிகளை க்ளிக் செய்து 'பின்' செய்துகொள்ளப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள்.

சோதனை 3: அதே பயிற்சியை நாற்காலியில் உட்கார்ந்து செய்யுங்கள். குதிப்பதற்குப் பதிலாகக் கைகளை வேகமாக விரித்து மடக்கலாம். மூச்சு வாங்க வேண்டும், அதுதான் கணக்கு. "நீ சும்மா பார்த்துக்கொண்டிரு" என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. இன்டர்நெட் வேகம் குறைந்து படம் உறைந்துவிட்டாலும், உங்கள் குரலைக் கேட்டே மற்ற பிள்ளைகளும் பயிற்சியைத் தொடரலாம்.