மூலம் என்று விட்ட இரத்தம்

பசறை, லுணுகலை, நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டங்களில் மலத்தோடு இரத்தம் போனால் அது மூலம்தான் என்று முடிவாகிவிடும். நாளெல்லாம் மலையில் நிற்கிற உடம்பு, சூடு பிடித்துவிட்டது என்பார்கள். தோட்ட டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்குவார்கள். வெட்கத்தில் பலர் அதுவும் வாங்குவதில்லை. பெண்களுக்கு இரத்தம் குறைவாக இருந்தால் யாரும் திடுக்கிட்டதில்லை. கொக்கிப்புழு, பிள்ளைப்பேறு, சத்தில்லாத சாப்பாடு என்று காரணங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. ஐம்பது தாண்டியவளுக்குக் குடலிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கசியலாம் என்று யார் நினைத்தார்கள்?

நினைத்தாலும் அன்று பார்க்க வழி குறைவு. பேரியம் என்ற வெள்ளைக் கரைசலை ஆசனவாய் வழியே ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள். தெரிவது நிழல். அது பொலிப் என்று குடற்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சியா, ஒட்டியிருக்கும் மலமா என்று பிரித்தறியவே தேர்ந்த கண் வேண்டும். பொலிப்தான் என்றாலும், ஆசனவாய் வழியே விட்டுப் பார்க்கும் விறைப்பான குழாய்க்கு எட்டாத உயரத்தில் இருந்தால் வயிற்றைத் திறந்தே எடுக்க வேண்டும்.

1969இல் நியூயோர்க்கில் ஹிரோமி ஷின்யாவும் வில்லியம் வுல்ஃபும் வளைந்து செல்லும் குழாய் வழியே கம்பிச் சுருக்கை அனுப்பி, வயிற்றைக் கிழிக்காமலே பொலிப்பை அறுத்தெடுத்தார்கள். இன்று அந்தக் குழாயின் நுனியில் கமரா இருக்கிறது. வெள்ளை ஒளியை நீலம், பச்சைக்கு மாற்றினால் மேற்பரப்பின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கபில நிறத்தில் துலங்கும். பொலிப் எந்த வகை என்பதை அங்கேயே பெரும்பாலும் ஊகிக்கலாம். 10 மில்லிமீற்றருக்குக் குறைந்ததை மின்சூடு இல்லாமலே சுருக்கிட்டு நறுக்குகிறார்கள். தட்டையாகப் படர்ந்ததன் அடியில் உப்புநீர் ஏற்றி, உயர்த்திய பிறகு அறுக்கிறார்கள். குடல் துளைபடும் ஆபத்து அதனால் குறைகிறது. சி.டி. ஸ்கேனாலும் குடலைப் பார்க்கலாம், ஆனால் அதனால் வெட்ட முடியாது.

பொலிப் எல்லாமே புற்றாவதில்லை. ஆகிறவற்றுக்கும் பொதுவாகப் பத்து ஆண்டளவு பிடிக்கும். அத்தனை ஆண்டுகள் கையில் இருந்தும், மூலம் என்று சொல்லியே அவற்றைக் கழித்துவிடுகிறோம் என்பதுதான் என் ஆற்றாமை.

கருவி மலைநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு ஏறி வந்துவிட்டது. ஆனால் லயத்தின் கக்கூஸ் மாறாத இடங்கள் இன்னும் இருக்கின்றன. கொலனோஸ்கோப்பி என்ற இந்தக் குழாய்ச் சோதனைக்கு முன் லீட்டர் கணக்கில் பேதிக் கரைசல் குடித்துக் குடலைக் கழுவ வேண்டும். இரவெல்லாம் ஓட வேண்டியிருக்கும். பல காம்பராக்களுக்குப் பொதுவான கக்கூஸ், அதுவும் வெளியே, மழையில், இருட்டில் படியிறங்கி! வயதானவர் பாதிக் கரைசலோடு நிறுத்திக்கொண்டால் அவரை எப்படிக் குறைசொல்வது? குடல் அழுக்காக இருந்தால் எந்தக் கமராவுக்கும் சின்னப் பொலிப் தப்பிவிடும். குடிக்கிற நாளும் சோதனை நாளுமாக இரண்டு நாள் பேர், அதாவது சம்பளம், வேறு போகும்.

தூரத்துத் தோட்டத்தாருக்கு முதல்நாளே வார்டில் ஒரு கட்டில் வேண்டும். கரைசலை எப்படிக் குடிப்பது என்ற துண்டு தமிழில் வேண்டும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ குடற்புற்று வந்திருந்தால் பிள்ளைகள் நாற்பது வயதில், அல்லது பெற்றவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்தாண்டு முன்னதாக, எது முந்துகிறதோ அப்போது, இரத்தம் கண்டாலும் காணாவிட்டாலும் பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு வரவேண்டும். இதைத் தோட்ட டிஸ்பென்சரியிலேயே சொல்லி அனுப்பலாம்.