செஞ்சி நாட்டாரும் மோரிஷஸ் தீவும்

அமாவாசை இரவுகளில் மேல்மலையனூர் அங்காளம்மன் சந்நிதியில் கூடும் ஜனத்திரளை அறியாதார் தமிழ்நாட்டில் சிலரே. ஆனால் அவ்வூரையும் செஞ்சியையும் சூழ்ந்த இப்பழைய தென்னாற்காட்டுப் பிரதேசத்தின் வழிபாடு, இந்து மகாசமுத்திரத்தின் நடுவே ஒரு சிறு தீவில் இன்றும் வாழ்ந்து வருகிறதென்பதை நம்மவருள் எத்தனை பேர் அறிவர்? மோரிஷஸ் என்பது அத்தீவின் பெயர். பரப்பு ஏறக்குறைய 2,000 சதுர கிலோமீட்டர். நமது ஜில்லாக்கள் பலவற்றினும் சிறிது. 1968-ஆம் ஆண்டு மார்ச்சு 12-ஆம் தேதி சுதந்தரம் பெற்று, 1992 முதல் குடியரசாய் விளங்குவது.

செஞ்சிக்கும் அத்தீவுக்கும் உள்ள தொடர்பு புதிதன்று. 1750 முதல் 1761 வரை செஞ்சிக் கோட்டையில் பறந்த பிரெஞ்சுக் கொடியே அக்காலத்தில் அத்தீவிலும் பறந்தது. அதற்கும் முன்னரே, 1735-இல் அங்கே கவர்னராய்ச் சென்ற லபூர்தொனே, துறைமுகமும் பட்டணமும் கட்டுவதற்குப் புதுச்சேரியிலிருந்து தமிழ்த் தொழிலாளிகளை வரவழைத்தார். போர்ட் லூயிஸ் நகரின் பழைய கட்டடங்களில் அவர்கள் கைத்திறன் கலந்திருக்கிறது.

1810-இல் தீவு ஆங்கிலேயர் வசமாயிற்று. அடிமை முறை 1835-இல் ஒழிந்ததும், கரும்புத் தோட்ட முதலாளிகள் ஒப்பந்தக் கூலிகளைத் தேடி நம் தேசத்தின்மீது கண் வைத்தனர். நாலரை லட்சம் இந்தியர் அவ்வாறு அங்கே இறக்கப்பட்டனர். பெரும்பாலோர் பீகாரிகளும் ஐக்கிய மாகாணத்தாரும். சென்னைத் துறைமுகத்தின் வழியே சென்ற தமிழரும் தெலுங்கரும் பலர். வறட்சியும் கடனும் துரத்த, ஆசை வார்த்தைகளை நம்பிக் கப்பலேறியவர்கள் இவர்கள். கரையிறங்கி அவர்கள் ஏறிய கற்படிகள் ‘ஆப்ரவாசி காட்’ என்ற பெயருடன் 2006-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்க்கப்பட்டன. செஞ்சிக் கோட்டைக்கு அப்பெருமை 2025-இல்தான் கிடைத்தது!

கையில் ஒன்றுமின்றிச் சென்ற அம்மக்கள் தெய்வத்தை மட்டும் மறவாது கொண்டு சென்றனர். திரௌபதியம்மனுக்கு ஆதி ஆலயம் செஞ்சிக்கருகே மேலச்சேரியில் இருப்பதென்று பக்தர்கள் கொள்வர். ஆல்ஃப் ஹில்டெபைட்டல் என்ற அமெரிக்க அறிஞர் 1988-இல் வெளியிட்ட பெருநூலில் இவ்வழிபாட்டின் மூலஸ்தானமாகச் செஞ்சி நாட்டையே ஆராய்ந்திருக்கிறார். அத்தீவிலும் திரௌபதியம்மன் கோயில்கள் உண்டு, விரதமிருந்து தீமிதிக்கிறார்கள். தைப்பூசக் காவடிக்கு அங்கே அரசாங்க விடுமுறை. தமிழர் வீட்டு விசேஷங்களில் வாழையிலை போட்டு ஏழு கறி பரிமாறுகிறார்கள். தெருக்கடைகளில் எல்லா மதத்தாரும் வாங்கியுண்ணும் ‘காத்தோ பிமான்’ என்ற பண்டம் நமது பருப்பு வடையேயன்றி வேறன்று.

மொழியோ வேறு கதை. வீட்டிலும் வீதியிலும் அவர்கள் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் பாஷை. தமிழ், பள்ளியில் பயிலும் பாடமாகவும், கோயிலில் கேட்கும் ஒலியாகவும் ஒடுங்கிவிட்டது. ஆயினும் 1998-இல் நடந்ததைக் கேளுங்கள். ரூபாய் நோட்டுகளில் ஆங்கிலத்துக்கு அடுத்து நின்ற தமிழ் எழுத்தைக் கீழிறக்கி, தேவநாகரியை மேலேற்றிப் புதிய நோட்டுகள் அச்சாயின. ஜனத்தொகையில் நூற்றுக்கு ஆறேழு பேராக உள்ள தமிழர் கிளர்ந்தெழுந்தனர். நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, மறு ஆண்டு பழைய வரிசையிலேயே புதியவை வந்தன. தமிழைப் பேசவியலாதவர் அதன் எழுத்துக்காகப் போராடினர். தடையின்றிப் பேசும் நாம் கடைப் பலகைகளில்கூட அதை ஓரத்தில் ஒதுக்குகிறோம். 100 ரூபாய் நோட்டில் ரங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழரின் உருவமும் உள்ளது.

இப்பொழுது அத்தீவினர் தம் முன்னோரின் ஊர்களைத் தேடுகின்றனர். மோக்கா என்னுமிடத்தில் உள்ள மகாத்மா காந்தி ஸ்தாபனத்தில் கூலிகளின் பதிவேடுகள் காக்கப்படுகின்றன. தந்தை பெயர், ஜில்லா, கிராமம் முதலியன அவற்றில் உண்டு. பலருக்குப் புகைப்படமும் உண்டு. இடையூறு யாதெனில், ஊர்ப் பெயர்களைக் காதில் விழுந்தபடி குமாஸ்தாக்கள் ஆங்கிலத்தில் எழுதிவைத்ததே. ‘மேல்மலையனூர்’ என்பது அன்னியன் செவியில் என்னவாகியிருக்கும் என்று வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். அங்குள்ள ஏட்டை இங்குள்ள ஊரோடு பொருத்த, இவ்வட்டாரத்தின் குக்கிராமங்களையும், வழக்கொழிந்த பெயர்களையும் அறிந்தவர் வேண்டும். சர்க்காரை எதிர்பார்த்துக் காத்திராமல், செஞ்சி, மேல்மலையனூர்ப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் மாணவரைக்கொண்டு அப்பெயர்களைத் திரட்டி மோக்காவுக்கு அனுப்பலாம். கிராமத்துப் பெரியவர்கள் உயிரோடிருக்கையில் செய்ய வேண்டிய காரியம் இது. ஒரு கோடை விடுமுறை போதும்.