உதிராத உருண்டை



மெரினாக் கடற்கரையில் உலர்ந்த மணலைக் கைநிறைய அள்ளி அழுத்திப் பிடித்துப் பாருங்கள். விரல்களை விரித்ததும் அது சரிந்துவிடும். அலை நனைத்துச் சென்ற இடத்து மணலைப் பிடித்தால், பிடித்த வடிவிலேயே நிற்கும். அதே மணலை ஒரு வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்கினாலோ, மறுபடியும் நில்லாது, குழைந்து ஓடும். மணல் மூன்றிடத்தும் ஒன்றுதான். மாறியது நீரின் அளவு மட்டுமே. ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையே மெல்லிய நீர்ப்பாலம் ஒன்று அமைகிறது. நீரின் பரப்பு இழுவிசை அவ்விரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்து இழுக்கிறது. நீர் இல்லையேல் பாலம் இல்லை. நீர் மிகுந்தால் இடைவெளிகள் எல்லாம் நிரம்பிப் பாலங்கள் மறைந்துபோகின்றன. உருண்டை பிடிக்கும் வேலைக்கு அடிப்படை இவ்வுண்மையே.

இன்றைய உரையின் பொருள் கேக் பாப் என்னும் தின்பண்டம். கேக்கை உதிர்த்துத் தூளாக்கி, ஈரமும் இனிப்பும் உள்ள ஏதேனும் ஒன்றைக் கூட்டி, சிற்றெலுமிச்சை அளவில் உருண்டை பிடித்து, ஒரு குச்சியில் செருகி, உருக்கிய சாக்லேட்டில் தோய்த்து எடுப்பதே அது. 2008-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆஞ்சி டட்லி என்னும் பெண்மணி இதனைப் பலரும் அறியச் செய்தார். 2010-ஆம் ஆண்டில் இதற்கென்றே ஒரு நூலும் வெளியிட்டார். இன்று அசோக் நகரில் எங்கள் தெருமுனை பேக்கரியின் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் அது குச்சியோடு நிற்கக் காண்கிறேன்.

அமெரிக்க முறையில் கேக் தூளைப் பிணைக்கும் பொருள் ஐசிங். வெண்ணெயையும் பொடித்த சர்க்கரையையும் சேர்த்து நுரைக்க அடித்த குழம்பு அது. குளிர்ந்த நாட்டில் அது பசையாக நின்று தூளைக் கட்டிப் பிடிக்கும். எங்கள் தெருவில் ஒரு கல்லூரி மாணவி, தம் கல்லூரி விற்பனை விழாவுக்காக இம்முறையிலேயே ஐம்பது உருண்டைகள் செய்து எடுத்துச் சென்றாள். காலையில் அழகாக நின்றவை, பிற்பகலில் குச்சியைவிட்டு வழுக்கி இறங்கிவிட்டன. முதலும் போயிற்று, உழைப்பும் போயிற்று. மறுநாள் மாலை என்னிடம் வந்து, “ஐசிங் இல்லாமலே இதைப் பிடிக்க முடியுமா, சார்?” என்று கேட்டாள். உடன் வந்த அவளுடைய பாட்டி, “மாலாடு பிடிக்கிற வீட்டில் இது ஒரு கேள்வியா?” என்றார். அப்பாட்டியின் சொல்லில் விடை முழுவதும் இருந்தது. அதை விரித்துச் சொல்வதே என் வேலை.

முதலில், அவ்வுருண்டைகள் ஏன் இறங்கின? வெண்ணெயில் 100 பங்குக்கு 80 பங்குக்குக் குறையாமல் கொழுப்பும், ஏறத்தாழ 16 பங்கு நீரும் உண்டு. 30 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் அக்கொழுப்பு நெகிழ்ந்து, 35 டிகிரியை நெருங்கும்போது பெரும்பாலும் உருகிவிடும். சென்னையில் பங்குனி, சித்திரைப் பிற்பகல்களில் 35 டிகிரி என்பது சாதாரணம். 2003-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவாயிற்று. ஆகவே செய்முறையில் பிழை இல்லை; அது வேறொரு தட்பவெப்பத்துக்கென எழுதப்பட்டது. நம் ஊருக்கு ஏற்ற பிணைப்புப் பொருளை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்குமுன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். உருண்டை எந்த வெப்பத்தில் நிற்க வேண்டும்? எத்தனை நாள் கெடாதிருக்க வேண்டும்? அதை உண்ணப் போகிறவர் யார்?

நம் வீட்டு உருண்டைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், அவற்றைப் பிணைக்கும் பொருள்கள் நான்கு குலங்களாகப் பிரிவதைக் காணலாம்.

முதற் குலம் பாகு. எள்ளுருண்டை, கார்த்திகைப் பொரியுருண்டை, கடலையுருண்டை ஆகியவை வெல்லப்பாகினால் நிற்பவை. 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் இக்குலத்ததே. சர்க்கரைக் கரைசலைக் காய்ச்சக் காய்ச்ச நீர் ஆவியாகிறது, கரைசல் செறிகிறது, செறியச் செறிய அதன் கொதிநிலை உயர்கிறது. ஆகவே பாகின் வெப்பநிலையைக் கண்டால் அதிலுள்ள சர்க்கரையின் அளவையும் கண்டதாகும். கம்பிப் பதம் ஏறத்தாழ 110 டிகிரி. அப்போது 100 பங்கில் 80 பங்கு சர்க்கரை. தண்ணீரில் விட்டால் மெத்தென்று உருளும் பதம் 115 டிகிரியை ஒட்டியது. கெட்டியாக உருளும் பதம் 121 முதல் 130 டிகிரி வரை. கிண்ணத்தில் போட்டால் ‘ணங்’ என்று ஒலித்து, ஒடித்தால் ஒடியும் பதம் 150 டிகிரியை ஒட்டியது. அப்போது அதில் நீர் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. வெப்பமானி இல்லாமல், இரு விரல்களும் ஒரு கிண்ணத் தண்ணீரும் கொண்டு இப்பதங்களை வேறுபடுத்தி அறிந்த நம் பாட்டிமார்கள் வேதியியல் படித்தவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் அளந்தது வேதியியல் அளவையே.

கேக்குக்குப் பாகு ஏற்றதா? கெட்டிப் பாகு ஏற்காது. பொரியும் கடலையும் கடினமானவை. கடினமான பாகு அவற்றுக்குப் பொருந்தும். கேக்கோ பஞ்சு போன்றது. அதற்குக் கெட்டிப் பாகை ஊற்றினால், பாகு படிந்த இடம் கல்லாகவும் படியாத இடம் தூளாகவும் நிற்கும். தேன் இங்கே உதவும். தேன் என்பது தேனீக்களே நீரை வற்றச் செய்து தந்த பாகு. 100 பங்கில் ஏறத்தாழ 17 பங்கே நீர். முருகன் கோயில்களில் தினைமாவைத் தேனில் பிசைந்து படைக்கும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அத்தினைமாவு உருண்டையாக நிற்பது அடுப்பின் உதவி இன்றியே அன்றோ? உலர்ந்த கேக் தூளுக்கும் அவ்வாறே சிறிது தேன் போதும். ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எவ்வடிவிலும் கொடுத்தலாகாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் வித்துகள் சிசுவின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கக் கூடும்.

இரண்டாம் குலம் கொழுப்பு. மாலாடு இதற்குச் சான்று. பொட்டுக்கடலை மாவும் பொடித்த சர்க்கரையும் கலந்து, சூடான நெய் ஊற்றி, சூடு ஆறுமுன் பிடிக்கிறோம். நெய்யும் வெயிலில் இளகுவதுதானே, மாலாடு மட்டும் ஏன் சரிவதில்லை என்று நீங்கள் கேட்கலாம். காரணங்கள் இரண்டு. மாவு மிக நுண்ணியது. நுண்ணிய துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடங்கள் பல. எனவே பாலங்களும் பல. அன்றியும் நெய் துகள்களின் மேல் மெல்லிய பூச்சாக மட்டுமே இருக்கிறது. இளகினாலும் அது ஓடுவதற்கு வழியில்லை. நனைந்த மணலில் நீர் நிற்பதுபோல் நின்று பிணைக்கும். ஐசிங்கிலோ கொழுப்பு மிகுதியாக இருந்தது. அது உருகியபோது தூளையும் இழுத்துக்கொண்டு இறங்கிற்று. ஆகவே கேக்கை ரவை போலச் சீராக உதிர்க்க வேண்டும் என்பது இம்மாலாடு தரும் பாடம். கட்டிகளாக விட்டால் எந்தப் பொருளும் அதனைப் பிணைக்காது. கேக்குக்குத் தனி நெய்யைவிட வேர்க்கடலை வெண்ணெய் நன்று. அதில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு, கால் பங்கு புரதம். அப்புரதமும் நாரும் எண்ணெயைப் பிடித்து வைப்பதால் வெயிலிலும் அது ஓடாது. ஆனால் கடலை ஒவ்வாதவர்களுக்கு அது பெருந்தீங்கு செய்யும். பிறருக்குக் கொடுக்குமுன் கேட்டறிதல் கடமை.

மூன்றாம் குலம் பால். ரவாலாடு பிடிக்கும்போது உருண்டை நில்லாவிட்டால், சூடான பாலைத் தெளித்துப் பிடிப்பார்கள். உடனே நின்றுவிடும். ஆனால் நெய் மட்டும் ஊற்றிப் பிடித்த ரவாலாடு வாரக்கணக்கில் இருக்க, பால் தெளித்தது இரண்டு நாளில் கெடத் தொடங்கும். பாலோடு சேர்ந்து வந்த நீரே இதற்குக் காரணம். நீர் உள்ள இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகும். இக்குறையைப் பெரிதும் தீர்ப்பது சர்க்கரை சேர்த்துச் சுண்டிய டப்பாப் பால். அதில் நீர் நான்கில் ஒரு பங்கை ஒட்டியது. சேர்த்த சர்க்கரை அதைவிட மிகுதி. அச்சர்க்கரை நீரைப் பற்றிக்கொள்வதால் நுண்ணுயிர்களுக்கு அந்நீர் கிட்டுவதில்லை. வெயிலில் உருகிப் பிரிவதும் இல்லை. ஐசிங்குக்கு மாற்றாகச் சென்னைக்கு மிகவும் ஏற்றது இதுவே என்பது என் கருத்து.

நான்காம் குலம் பழம். பழனிப் பஞ்சாமிர்தம் நீரே சேர்க்காமல் குழைவாக நிற்பதை எண்ணிப் பாருங்கள். பழங்களில் பெக்டின் என்னும் பொருள் உண்டு. அது நீரைப் பற்றிக் கூழாக நிற்கும் இயல்புடையது. விதை நீக்கிய பேரீச்சம்பழத்தை வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, அரைத்தால் கிடைக்கும் விழுது சிறந்த பசை. பழ ஜாமும் அவ்வாறே. பாலோ வெண்ணெயோ உண்ணாதவர்க்கும் இவை ஏற்கும். ஆயினும் கேக்கிலும் மேற்பூச்சிலும் அவை இல்லையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஐசிங் இல்லை என்பதால் சர்க்கரை இல்லை என்று எண்ணிவிடவும் கூடாது. தேனிலும் பேரீச்சையிலும் ஜாமிலும் இருப்பது சர்க்கரையே. நீரிழிவு உள்ளவருக்கு இவற்றால் சலுகை ஏதும் இல்லை.

இனி, அளவு. கால் கிலோ கேக் தூளுக்கு டப்பாப் பாலோ, ஜாமோ, பேரீச்சை விழுதோ, கடலை வெண்ணெயோ மூன்று மேசைக்கரண்டி என்று தொடங்குங்கள்; தேனானால் இரண்டு போதும். கேக்கின் ஈரம் கேக்குக்குக் கேக் வேறுபடும். ஆதலால் எந்தப் புத்தகத்து அளவும் முடிவான அளவு ஆகாது. முடிவு செய்ய வேண்டியது கை. ஒரு பிடி எடுத்துக் கொழுக்கட்டை பிடிப்பதுபோல் அழுத்துங்கள். விரல் தடம் தெளிவாக நின்று, உள்ளங்கையில் பசை ஒட்டாதிருந்தால் பதம் சரி. விளிம்பு வெடித்து உதிர்ந்தால் ஒரு தேக்கரண்டி கூட்டுக. கையில் ஒட்டினால் தூளைக் கூட்டுக. ஒரேயடியாக ஊற்றுவது கூடாது. ஊற்றியதை மீண்டும் எடுக்க இயலாது.

பிடித்த உருண்டைகளை அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். தூள் ஈரத்தைச் சீராக உறிஞ்சிக்கொள்ள இந்நேரம் வேண்டும். குச்சியின் நுனியை உருக்கிய சாக்லேட்டில் தோய்த்துப் பாதியளவு செருகினால், அது உறைந்து குச்சியைப் பற்றிக்கொள்ளும். மேற்பூச்சு இடுமுன் உருண்டையைப் பத்து நிமிடம் வெளியே வைப்பது நலம். மிகக் குளிர்ந்த உருண்டையின் மேல் சூடான சாக்லேட் விரைவில் உறைந்துவிடும்; பின்னர் உள்ளிருக்கும் உருண்டை வெப்பம் பெற்று விரியும்போது மேலோடு வெடிக்கும். சாக்லேட்டில் உள்ள கொக்கோக் கொழுப்பும் 34 டிகிரியை ஒட்டி உருகுவதே என்பதை மறவாதீர்கள். வெயிலில் விற்க எண்ணுவோர் சாக்லேட்டை விட்டு, வறுத்த தேங்காய்த் துருவலிலோ எள்ளிலோ உருண்டையைப் புரட்டி எடுக்கலாம். கேக்குக்கே உரிய ஈரம் உண்டாதலால், எப்பிணைப்புப் பொருளானாலும் வெளியே வைத்தால் அன்றே உண்டுவிட வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் வரை வைக்கலாம்.

அப்பெண் பேரீச்சை விழுதையும் டப்பாப் பாலையும் தனித்தனியே கொண்டு இருவகை செய்து பார்த்தாள். இரண்டும் நின்றன. டப்பாப் பால் வகை மிருதுவாக இருந்தது. பேரீச்சை வகை நிறத்தில் கறுத்தாலும் வெயிலை நன்கு தாங்கிற்று. அடுத்த விழாவுக்கு இரண்டாவதையே எடுத்துச் செல்வதாகச் சொன்னாள். காரணம் தெரிந்து செய்த தேர்வு அது.

நீங்களும் விடுமுறை நாளில் ஒரு சோதனை செய்யலாம். ஒரே கேக்கின் தூளை எடையிட்டு நான்காகப் பிரியுங்கள். ஒன்றை ஐசிங், ஒன்றைத் தேன், ஒன்றை டப்பாப் பால், ஒன்றைப் பேரீச்சை கொண்டு ஒரே அளவில் உருட்டி, நிழலான சன்னலோரத்தில் வையுங்கள். பக்கத்தில் ஒரு வெப்பமானி இருக்கட்டும். அரைமணிக்கு ஒருமுறை உருண்டையின் உயரத்தை அடிக்கோலால் அளந்து ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். மாலையில் அவ்வேட்டை உங்கள் வீட்டுப் பெரியவரிடம் காட்டி, அவர் எள்ளுருண்டைக்குப் பாகு பார்க்கும் விதத்தையும் கேட்டு அதன் கீழே எழுதிக்கொள்ளுங்கள். அக்கைப் பழக்கத்தை நம்மில் பலர் இன்னும் எழுதி வைக்கவில்லை.