கூடிப் பேச எந்த இடம்?

பிழைப்புக்காக அன்றி ஆசைக்காகக் கணினி வித்தையைப் பயிலும் இளைஞர் குழுக்களில் சில ஆண்டுகளாக ஒரு சச்சரவு நடந்து வருகிறது. குழு எவ்விடத்தில் கூடிப் பேசவேண்டும் என்பதே அது. வாட்ஸ்அப், டெலிகிராம், டிஸ்கார்ட் முதலிய புதிய இடங்களுக்குக் குடிபோய்விட வேண்டும் என்பது ஒரு கட்சி. மின்னஞ்சலால் நடக்கும் மடலாடற்குழுவையும், ஐ.ஆர்.சி. என்ற பழைய எழுத்து அரட்டை அறையையும் கைவிடலாகாது என்பது மறுகட்சி. வேலையற்றவர்களின் வீண்சண்டை என்று இதை ஒதுக்குவாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. சென்னையில் இருப்பவன் லினக்ஸ் பயனர் குழுவின் கூட்டத்திற்கு நேரே போய்விடலாம். போடியிலும் உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் இருப்பவனுக்குக் கூட்டம் என்பதே திரையின் வழியாக வருவதுதான். 2010இன் முடிவில் நின்றுபோன போடி இரயில் மீண்டும் ஊர் வந்து சேர 2023 ஜூன் ஆயிற்று என்பதை நமது வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

பழைய கட்சியின் வாதத்தை முதலில் கேட்போம். ஐ.ஆர்.சி.யை 1988இல் பின்லாந்து தேசத்து ஔலு சர்வகலாசாலையில் யார்க்கோ ஓய்க்கரினன் என்பவர் ஆக்கினார். படமில்லை, ஒலியில்லை, வெறும் எழுத்துதான். மெலிந்த இணைப்பும் பழைய கணினியும் இருந்தால் போதும். வங்காளத்துத் துர்காபூரில் 2004இல் தோன்றிய லினக்ஸ் பயனர் குழு, 2008 முதல் கோடைப் பயிற்சி வகுப்புகளை இத்தகைய அறையிலேயே நடத்தியது. கேள்வி கேட்க விரும்பும் மாணவன் ஓர் ஆச்சரியக்குறியைத் தட்டிவிட்டுத் தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். சொற்களைக் குறுக்கிச் சிதைத்து எழுதக்கூடாது. வகுப்பில் பேசியது பின்னர் எவரும் படிக்கும்படி பொதுவில் வைக்கப்படும். நமது சட்டசபைகளில் இவ்வொழுங்கில் பாதியேனும் இருந்தால் நன்றாயிருக்கும்.

தமிழ் அடைந்த லாபமும் சிறிதன்று. 1995இல் பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெட் மடலாடற்குழுவையொட்டி நடந்த விவாதங்களிலிருந்தே, திஸ்கி என்னும் பொது எழுத்துக் குறியீடு பிற்பாடு உருவாயிற்று. ஸ்விட்ஸர்லாந்திலிருந்து டாக்டர் கலியாணசுந்தரமும், மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறனும், இன்னும் பல தேசத்துத் தமிழர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே மடலில் வாதாடி அதை முடித்தனர். நமது பக்கத்து நகரின் பெயர் தாங்கிய மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியதும் இந்தச் சூழ்நிலையில்தான்.

இவ்வளவும் உண்மை. எனினும் பழமையே காவல் என்று இவர்கள் சொல்லும்போது நாம் உடன்படுவதற்கில்லை. மரத்தடி, இராயர் காப்பிக் கிளப், அகத்தியர் ஆகிய தமிழ்க் குழுக்கள் யாகூ நிறுவனத்தின் இடத்தில் நடந்த மடலாடற்குழுக்களே. அந்நிறுவனம் 2019இல் பழைய மடல்களை நீக்கப்போவதாக அறிவித்தது. 2020 டிசம்பர் 15இல் கடையையே மூடிற்று. முன்யோசனையோடு தனியே படியெடுத்து வைத்தவர்களிடம் இருப்பவைதான் மிச்சம். ஐ.ஆர்.சி.க்கும் இதே கதி நேர்ந்தது. சுதந்திர மென்பொருள் தொண்டர்களின் தலைமைச் சாவடியாய் விளங்கிய பிரீநோட் வலையின் ஆதிக்கத்தைப் பற்றி 2021 மே மாதத்தில் தகராறு மூண்டது. அதை நடத்தி வந்த தொண்டர்கள் விலகி, மே 19இல் லிபரா என்ற புதிய வலையைத் திறந்தனர். அப்புதிய பெயரைத் தலைப்பில் குறிப்பிட்ட நூற்றுக்கணக்கான அறைகளைப் பழைய இடத்தின் அதிகாரிகள் ஒரே நாளில் கைப்பற்றிக்கொண்டனர். வாட்ஸ்அப் முதலாளி செய்வார் என்று அஞ்சியதை ஐ.ஆர்.சி. முதலாளி செய்துகாட்டினார்! ஆகவே, வழக்கு பழையதற்கும் புதியதற்கும் இடையே அன்று. சாவி யார் கையில் என்பதே வழக்கு.

இனிப் புதிய கட்சி. அவர்கள் பக்கத்து நியாயத்தைப் பெரியவர்கள் சரியாகக் கேட்கவில்லை என்பது நமது அபிப்பிராயம். ஐ.ஆர்.சி. அறையில் நீ இல்லாத நேரத்தில் பேசியது உனக்கு வந்து சேராது. சேரவேண்டுமானால் எந்நேரமும் ஓடும் ஒரு யந்திரத்தை எங்கேனும் வைத்திருக்க வேண்டும். சின்னமனூரில் கைப்பேசி ஒன்றை மட்டுமே உடைய மாணவனிடம் இதைச் சொல்வது, பசித்தவனிடம் பாத்திரம் வாங்கிவா என்பதை ஒக்கும். அவன் துணிந்து வந்து ஒரு கேள்வி கேட்டாலும், 'முதலில் கையேட்டைப் படித்துவிட்டு வா' என்று வாசலிலேயே விரட்டும் மூத்தவர்கள் இல்லாமலில்லை. அவன் வாட்ஸ்அப்புக்குப் போகாமல் வேறெங்கே போவான்?

ஆனால் போன இடத்தில் அவனுக்கு நேர்வதையும் பார்க்கவேண்டும். வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த மாத்திரத்தில் கைப்பேசி எண் முன்பின் அறியாத நூற்றுக்கணக்கானவர்களுக்கு வெளியாகிறது. இந்த ஒரு காரணத்தாலேயே கல்லூரிப் பெண்கள் தயங்கி நிற்கின்றனர். பழைய அறையில் ஒரு புனைபெயர் போதும். மேலும், அங்கே ஒருவர் பாடுபட்டு எழுதிய விடை, காலை வணக்கப் படங்களுக்கு அடியில் மறுநாளே புதைந்துபோகிறது. கூகிளில் தேடினாலும் கிட்டாது; ஒரே சந்தேகத்தை நூறு பேர் நூறுமுறை கேட்கிறார்கள்.

சட்டத்தொழில் பயின்றவர் என்ற முறையில் இன்னொன்று சொல்லவேண்டும். வாடகை வீட்டுக்காரனைக் காலி செய்ய வேண்டுமானால் வீட்டுக்காரர் நோட்டீஸ் கொடுத்துக் கோர்ட்டுக்குப் போகவேண்டும். இந்த நிறுவனங்களில் குழுவை ஒரு நொடியில் நீக்கிவிடலாம். 2023 முதல் சர்க்காரின் மேல்முறையீட்டுக் குழு உண்டு. ஆயினும் அது தீர்ப்புச் சொல்லும் வரையில் குழு எங்கே போய் நிற்பது?

சுதேசிப் பொருளுக்கு மாறினால் தீருமே என்பர் சிலர். சென்னை ஜோஹோ நிறுவனம் 2021இல் வெளியிட்ட அரட்டை செயலி 2025இல் தேசமெங்கும் பேசப்பட்டது. அதில் நமக்கும் பெருமையே. ஆயினும் உள்ளூர் முதலாளியானாலும் சாவி ஒருவர் கையில்தானே? மேட்ரிக்ஸ் என்ற முறையில் குழுவே தன் சொந்த யந்திரத்தில் அறை அமைத்துக்கொள்ளலாம். அதற்கும் இடையூறு இல்லாமலில்லை. அம்முறைக்குரிய எலிமெண்ட் செயலியையும் சேர்த்துப் பதினான்கு செயலிகளை 2023 மே மாதத்தில் இந்திய சர்க்கார் தடுத்தது.

பின் செய்ய வேண்டியது யாது? முல்லைப்பெரியாற்று நீர் வாய்க்காலில் ஓடுகிறது. அதைத் தேக்கக் கண்மாய் வைத்திருக்கிறோம். வாய்க்காலைக் கண்மாயாக்க எந்தக் குடியானவனும் முயல்வதில்லை. அதுபோல, பேச்சு பிள்ளைகள் இருக்கும் இடத்திலேயே நடக்கட்டும், வாட்ஸ்அப்பானாலும் சரியே. வாரம் ஒருமுறை, பேச்சில் உருப்படியாய் வந்த விடைகளை ஒருவர் பொறுக்கியெடுத்து, பெயர்களையும் எண்களையும் நீக்கி, குழுவின் சொந்தப் பெயரில் பதிந்த தளத்தில் நல்ல தமிழில் எழுதி வைக்கவேண்டும். அதன் படி இரண்டு வெவ்வேறு வீடுகளில் இருக்கவேண்டும். செலவு அற்பம், உழைப்புதான் அதிகம், அதுவும் புகழில்லாத உழைப்பு. அடுத்த கூட்டத்தில் எந்தச் செயலி என்ற விவாதத்தை எடுக்குமுன், இவ்வேலையை முறைவைத்து ஏற்க நான்கு பேரைத் தேர்ந்தெடுக்கும்படி நமது பள்ளத்தாக்கு இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.