தொழில்முறைப் புல்வெளிப் பராமரிப்பில் மூடாக்குப் புல்வெட்டியைத் தேர்ந்தெடுத்தல்: பிரிட்டன் சூழலை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

வெட்டிய புல்லை அள்ளிச் செல்லாமல், நுணுக்கி அதே தரையில் விழவிடும் பொறி மூடாக்குப் புல்வெட்டி ஆகும். பிரிட்டனில் தொழில்முறையாகப் புல்வெளிகளைப் பராமரிப்போர் இவ்வகைப் பொறிகளுள் நடந்து இயக்குவனவற்றைத் தேர்ந்தெடுக்கும்போது கருத வேண்டிய அளவுகோல்களை இக்கட்டுரை விளக்குகிறது. எந்திரத்தின் ஆற்றலையும் விலையையும் பார்ப்பதற்கு முன்னர்ப் புல் வளரும் வேகத்தையும் வெட்டும் இடைவெளியையும் பார்க்க வேண்டும் என்பதும், பொறியை நாள் முழுதும் பிடித்து நடக்கும் தொழிலாளியின் உடல்நலம் தேர்வின் முதன்மை அளவுகோல்களுள் ஒன்றாக வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: புல்வெளி, மூடாக்கு, புல்வெட்டி, வெட்டும் இடைவெளி, கை அதிர்வு, தொழிலாளர் நலம்.

முன்னுரை

புல்வெளிப் பராமரிப்பு பிரிட்டனில் ஒரு முழுநேரத் தொழிலாகும். வீட்டுத் தோட்டங்கள், பள்ளி வளாகங்கள், கல்லறைத் தோட்டங்கள், அலுவலக முற்றங்கள் ஆகியவற்றை ஒப்பந்த அடிப்படையில் பராமரிப்போர், ஏறத்தாழ மார்ச்சு முதல் அக்டோபர் வரை இடைவிடாது புல் வெட்டுகின்றனர். வீட்டு உரிமையாளர் ஒருவர் வாரத்தில் அரைமணி நேரம் பயன்படுத்தும் பொறியைத் தொழிலாளி நாளொன்றுக்குப் பல மணி நேரம் பயன்படுத்துகிறார். ஆகவே வீட்டுப் பயன்பாட்டிற்குப் பொருந்தும் தேர்வுமுறை தொழில்முறைப் பயன்பாட்டிற்குப் பொருந்துவதில்லை. இவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைச்சொல் விளக்கம்

தமிழ் வேளாண்மை வழக்கில் 'மூடாக்கு' என்பது வைக்கோல், சருகு, தழை முதலியவற்றால் நிலத்தை மூடி ஈரத்தைக் காப்பதையும் களையை அடக்குவதையும் குறிக்கும். மூடாக்குப் புல்வெட்டி செய்வது இதனின்று சற்று வேறுபட்டது. அது நிலத்தை மூடுவதில்லை. நுணுக்கப்பட்ட துணுக்குகள் நிற்கும் புல்லின் இடையே இறங்கி மண்ணைச் சேர்கின்றன. துணுக்குகள் மேலே தங்கித் தரையை மூடிவிட்டால் அது பொறியின் தோல்வியாகும். அடியில் உள்ள புல் வெளிச்சமின்றி மஞ்சளாகும். எனினும் வேளாண் வழக்கில் நிலைபெற்ற சொல் என்பதால் 'மூடாக்கு' என்பதே இங்கு ஆளப்படுகிறது. கத்தியை மேலிருந்து கவித்து மூடியுள்ள பகுதி 'கத்திக்கூடு' எனப்படுகிறது.

வரலாற்றுப் பின்புலம்

இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயரில் உள்ள ஸ்ட்ரவுட் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங் 1830-ஆம் ஆண்டில் புல்வெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். கம்பளித் துணியின் மேல் எழுந்து நிற்கும் இழைகளைச் சீராகக் கத்தரிக்கும் ஆலைப் பொறியே அவருக்கு முன்மாதிரியாக அமைந்தது. உருளையில் பொருத்திய கத்திகள் சுழன்று, நிலைத்த ஓர் அலகின்மேல் புல்லைக் கத்தரித்தன. வெட்டிய புல்லை ஏந்திக்கொள்ளும் தட்டும் அப்பொறியின் முன்புறத்தில் இருந்தது. புல்லை அள்ளும் வழக்கம் பொறியுடனேயே பிறந்தது எனலாம். உருளை படிந்த வரிகளும் துணுக்கில்லாத் தரையும் நல்ல புல்வெளியின் அடையாளங்கள் என்னும் எண்ணம் பிரிட்டனில் இன்றும் வலுவாக உள்ளது.

கிடைமட்டமாகச் சுழலும் ஒற்றைக் கத்தி கொண்ட பொறிகள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவின. மூடாக்கு முறைக்கு உந்துதல் தந்தது அமெரிக்கக் குப்பைச் சிக்கல் ஆகும். தோட்டக் கழிவைக் குப்பைமேடுகளில் கொட்டுவதை இல்லினாய் மாநிலம் 1990-லும் விஸ்கான்சின் மாநிலம் 1993-லும் தடைசெய்தன. பிரிட்டனில் இச்சிக்கல் வேறு வடிவில் எழுகிறது. ஒப்பந்தக்காரர் வாடிக்கையாளரின் தோட்டத்திலிருந்து ஏற்றிச் செல்லும் புல் சட்டப்படி கழிவாகும். தொழிலின் பகுதியாக அதை எடுத்துச் செல்பவர் கழிவு ஏற்றிச் செல்வோராகப் பதிவுசெய்துகொள்ள வேண்டும். ஏற்றும் உழைப்பு, வண்டியின் இடம், கொட்டும் கட்டணம் ஆகிய மூன்றையும் மூடாக்கு முறை குறைக்கிறது.

செயற்படும் முறை

சாதாரணச் சுழற்கத்திப் பொறி புல்லை ஒருமுறை வெட்டிப் பக்கவாட்டிலோ பின்புறப் பைக்குள்ளோ தள்ளிவிடுகிறது. மூடாக்குப் பொறியில் வெளியேறும் வழி அடைக்கப்பட்டிருக்கும். கத்திக்கூடு ஆழமாகவும் உட்புறம் வளைந்தும் இருக்கும். கத்தியின் வளைவுகள் காற்றை மேலிழுத்துப் புல்லை நிமிர்த்துகின்றன. வெட்டுப்பட்ட தாள் கூட்டுக்குள் சுழன்று, மீண்டும் மீண்டும் கத்தியின் பாதையில் விழுந்து, சிறு துணுக்குகளாகிக் கீழே இறங்குகிறது.

53 செ.மீ. நீளமுள்ள கத்தி நிமிடத்திற்கு 3,000 முறை சுழன்றால் அதன் முனை விநாடிக்கு ஏறத்தாழ 83 மீட்டர் வேகத்தில் நகரும். அமெரிக்கத் தரவிதி முனை வேகத்திற்கு விநாடிக்கு 96.5 மீட்டர் என வரம்பிட்டுள்ளது. ஆகவே கத்தியை விரும்பியவாறு விரைவாகச் சுழற்றி நுணுக்கலை மேம்படுத்த இயலாது. கூட்டின் வடிவமும் கத்தியின் கூர்மையுமே தரத்தை முடிவுசெய்கின்றன. ஒரே புல் பலமுறை வெட்டப்படுவதால் எந்திரத்திற்குச் சுமை கூடுகிறது. ஈரப்புல்லில் அச்சுமை மேலும் உயர்கிறது.

மண்ணுக்குத் திரும்பும் சத்து

புல் துணுக்கின் எடையில் பெரும்பகுதி நீராகும். உலர்ந்த பொருளில் ஏறத்தாழ 3 முதல் 4 விழுக்காடு நைட்ரசன் உள்ளது. துணுக்குகளைத் தரையிலேயே விடும்போது புல்வெளியின் ஆண்டு உரத்தேவையில் கால்பங்கு வரை ஈடாகும் என்பது அமெரிக்க வேளாண் விரிவாக்கத் துறைகள் நெடுங்காலமாக வழங்கிவரும் மதிப்பீடு. துணுக்குகளை விட்டால் தரையின்மேல் நார்ப்படலம் திரளும் என்னும் அச்சம் பரவலாக உள்ளது. நார்ப்படலம் பெரும்பாலும் லிக்னின் மிகுந்த தண்டு, வேர், கிழங்குப் பகுதிகளால் உருவாகிறது. மென்மையான இலைத்துணுக்குகள் விரைவில் மட்கிவிடுவதால் அதில் அவற்றின் பங்கு சிறிதே.

வெட்டும் இடைவெளி

அமெரிக்க வேளாண்துறை 1955-இல் வெளியிட்ட ஃபிராங்க்லின் கிரைடரின் ஆய்வு, இலைப்பரப்பில் பாதியோ அதற்கு மேலோ ஒரே முறையில் நீக்கப்படும்போது பெரும்பாலான புல்வகைகளில் வேர்வளர்ச்சி சிலகாலம் நின்றுவிடுவதைக் காட்டியது. ஒரு வெட்டில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீக்கலாகாது என்னும் நடைமுறை விதிக்கு இவ்வாய்வு அடிப்படையாகச் சுட்டப்படுகிறது. மூடாக்கு முறையில் இவ்விதி பொறியின் வெற்றிக்கும் நிபந்தனையாகிறது.

ஓர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். வெட்டிய பின் புல் 40 மி.மீ. உயரம் நிற்க வேண்டும் எனவும், வசந்தகாலத்தில் அது நாளொன்றுக்கு 3 மி.மீ. வளர்கிறது எனவும் கொள்வோம். 7 நாளில் உயரம் 61 மி.மீ. ஆகும், நீக்க வேண்டியது 21 மி.மீ., அதாவது மூன்றில் ஒரு பங்கு. 14 நாளில் உயரம் 82 மி.மீ. ஆகும், நீக்க வேண்டியது 42 மி.மீ., அதாவது பாதிக்கு மேல். முதல் நிலையில் இடைத்தரப் பொறியும் நன்கு நுணுக்கும். இரண்டாம் நிலையில் மிகச் சிறந்த பொறியும் கட்டிகட்டியாகப் புல்லைக் கக்கும். இரு வாரத்திற்கு ஒருமுறை என ஒப்பந்தம் செய்துகொண்டு மூடாக்குப் பொறியை மட்டும் வாங்குபவர், மே மாதத்தில் ஒரே தரையை இருமுறை வெட்டவோ துணுக்கைக் கையால் வாரவோ நேரிடும். அவ்வுழைப்பிற்குக் கூலி கிடைப்பதில்லை. எனவே பொறியின் தேர்வு ஒப்பந்தத்தில் குறிக்கும் இடைவெளியிலிருந்தே தொடங்க வேண்டும். இடைவெளியை மாற்ற இயலாதெனில், அடைப்பை நீக்கிப் பை மாட்டக்கூடிய இருமுறைப் பொறியே ஏற்றது.

தேர்வுக்குரிய அளவுகோல்கள்

அ) கத்திக்கூடு: வார்ப்பு அலுமினியக் கூடு துருப்பிடிக்காது, எஃகுக் கூடு கல்மோதலைத் தாங்கும், ஆனால் ஈரப்புல் ஒட்டி அரிக்கும். எவ்வகையாயினும், கூட்டின் உட்புறம் எளிதில் சுரண்டித் துப்புரவாக்கத் தக்கதாக இருக்க வேண்டும். ஒட்டிய புல் காற்றோட்டத்தைக் கெடுப்பதால் நுணுக்கலும் கெடும்.

ஆ) வெட்டகலம்: 53 செ.மீ. அகலப் பொறியில், பத்தில் ஒரு பங்கு மேற்படிவு போக, பயன் அகலம் ஏறத்தாழ 48 செ.மீ. மணிக்கு 5 கி.மீ. நடந்தால் 2,400 சதுர மீட்டர் முடியும். 76 செ.மீ. அகலப் பொறியில் இது 3,400 சதுர மீட்டராகும். எனினும் அகன்ற பொறி தோட்டத்தின் பக்கவாயிலில் நுழையாவிட்டால் இக்கணக்கால் பயனில்லை. பொறி வாங்குவதற்கு முன் வாடிக்கையாளர்களின் வாயில்களை அளந்து பார்ப்பது நன்று.

இ) உந்தலும் பின்னுருளையும்: சக்கரங்களை எந்திரமே உருட்டும் பொறிகளில், நடைவேகத்தை இடையறாது மாற்றிக்கொள்ளும் வசதி மூடாக்கு முறைக்கு இன்றியமையாதது. அடர்ந்த இடத்தில் மெல்ல நடந்தால் கத்திக்கு நுணுக்கும் நேரம் கிடைக்கும். பின்புறச் சக்கரங்களுக்குப் பதிலாக உருளை கொண்ட பொறி, வரிகள் பதிப்பதோடு பாத்தி ஓரங்களில் சரிந்து விழாமலும் செல்லும்.

ஈ) கத்தித் தடை: கைப்பிடியை விட்டதும் கத்தி விரைந்து நிற்க வேண்டும். அமெரிக்காவில் 1982 முதல் நடப்பிலுள்ள நுகர்பொருள் விதி இதற்கு 3 விநாடி வரம்பிட்டது. எந்திரம் ஓடிக்கொண்டிருக்கக் கத்தி மட்டும் நிற்கும் தனி கிளச் அமைப்பு தொழில்முறையாளருக்கு மிகவும் பயன்படும். பாதையைக் கடக்கும்போதும் கிடக்கும் பொருளை அகற்றும்போதும் எந்திரத்தை அணைத்து மீண்டும் முடுக்க வேண்டியதில்லை என்பதால், தொழிலாளி பாதுகாப்பைத் தவிர்க்கத் தூண்டப்படமாட்டார்.

உ) ஆற்றல் மூலம்: பெட்ரோல் எந்திரம் எரிபொருள் நிரப்பியதும் தொடர்ந்து ஓடும். மின்கலப் பொறியில் புகையில்லை, ஓசை குறைவு. ஆனால் கணக்கு தேவை. சராசரியாக 1 கிலோவாட் இழுக்கும் பொறி நாளில் 3 மணி நேரம் வெட்டினால் 3 கிலோவாட் மணி தேவைப்படும், 0.5 கிலோவாட் மணி கொள்ளும் மின்கலங்கள் ஆறு வேண்டும். மூடாக்கு முறையில் சுமை கூடுவதால் இத்தேவை மேலும் உயரும்.

தொழிலாளர் உடல்நலம்

விற்பனைக் கையேடுகளில் ஆற்றலும் அகலமும் பெரிய எழுத்தில் அச்சிடப்படுகின்றன. கைப்பிடியின் அதிர்வு அளவு கடைசிப் பக்கத்துப் பட்டியலில் இடம்பெறுகிறது. தொழில்முறையாளர் முதலில் படிக்க வேண்டியது அப்பட்டியலே. நீண்டகால அதிர்வு விரல்களின் குருதிக் குழாய்களையும் நரம்புகளையும் தாக்குகிறது. குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும். முற்றிய நிலையில் சட்டைப் பொத்தானை மாட்டுவதும் அரிதாகும். சேதமுற்ற நரம்பு பெரும்பாலும் மீள்வதில்லை.

பிரிட்டனின் 2005-ஆம் ஆண்டு அதிர்வு ஒழுங்குவிதிகள், எட்டு மணி நேர வேலைநாளுக்கு மீட்டர்/விநாடி² என்னும் அலகில் 2.5 அளவை நடவடிக்கை எல்லையாகவும் 5 அளவை மீறலாகா எல்லையாகவும் வகுத்துள்ளன. கைப்பிடியில் 3.5 அளவு அதிர்வுள்ள பொறியை ஏறத்தாழ 4 மணி நேரம் பிடித்தால் நடவடிக்கை எல்லை வந்துவிடும். அதிர்வு 5 ஆனால் 2 மணி நேரமே போதும். அதிர்வு இருமடங்கானால் அனுமதிக்கத்தக்க நேரம் நான்கில் ஒன்றாகக் குறைகிறது. ஒரே நாளில் வேலி கத்தரிக்கும் பொறியையும் பிடிப்பவருக்கு இரண்டின் அதிர்வும் கூட்டப்படும் என்பதையும் கருத வேண்டும்.

ஓசையும் இவ்வாறே. 2000-ஆம் ஆண்டு ஐரோப்பிய நெறிமுறை புல்வெட்டிகளின் ஓசைத் திறனுக்கு 50 செ.மீ. அகலம் வரை 96 டெசிபெல் எனவும், அதற்கு மேல் 120 செ.மீ. வரை 100 டெசிபெல் எனவும் வரம்பிட்டது. அந்நெறிமுறைக்கு உட்பட்ட பொறியும் தொழிலாளியின் நாளாந்த ஓசைச் சுமையை 85 டெசிபெல்லுக்கு மேல் உயர்த்தக்கூடும். அந்நிலையில் காதுக்காப்பு அணிவிப்பது முதலாளியின் சட்டக் கடமையாகும்.

பொருந்தா இடங்கள்

மூடாக்கு முறை எல்லாவிடத்துக்கும் உரியதன்று. மிகத் தாழ்வாக வெட்டப்படும் கோல்ஃப் இலக்குத் தரைகளிலும் கிரிக்கெட் ஆடுகளங்களிலும் துணுக்கு ஆட்டத்தைக் கெடுக்கும். அங்கு உருளைக்கத்திப் பொறியும் ஏந்துபெட்டியுமே தேவை. காட்டுப்பூக்கள் வளர்க்கும் புல்நிலங்களில் மண்வளம் குறைவாக இருத்தல் வேண்டும் என்பதால் வெட்டியதை அகற்றியாக வேண்டும். இலையுதிர்காலத்தின் ஈரநாள்களிலும் பை மாட்டுவதே தக்கது.

முடிவுரை

மூடாக்குப் புல்வெட்டியின் தேர்வு மூன்று வினாக்களின் வரிசையில் அமைய வேண்டும். புல் எவ்வளவு வளர்ந்தபின் வெட்டப்படப் போகிறது என்பது முதல் வினா. அப்பொறியை ஒருவர் நாளில் எத்தனை மணி நேரம் பிடிக்கப் போகிறார் என்பது இரண்டாவது. அவ்விரண்டுக்கும் விடை கண்ட பின்னரே எவ்வளவு அகலம், எவ்வகை எந்திரம், என்ன விலை என்னும் மூன்றாவது வினா எழ வேண்டும். நடைமுறையில் இவ்வரிசை பெரும்பாலும் தலைகீழாக உள்ளது. அதனால் விளையும் இழப்பு, மீண்டும் வெட்ட நேரும் தரையிலும் பொறியைப் பிடித்த கைகளிலும் தெரிகிறது. கழித்துக் கொட்டப்பட்ட புல்லை மண்ணுக்கே திருப்பும் இம்முறை உரச்செலவையும் சுமையையும் குறைப்பது உண்மை. அப்பயன், உழைப்பவரின் உடலைச் செலவாக வைத்துப் பெறப்படாதவாறு பொறியைத் தேர்ந்தெடுப்பதே முறையான தேர்வாகும்.