பிராக் நகரில் பணம் மாற்றுவோர் கவனத்திற்கு

கோடை விடுமுறையில் யேர்மனியிலிருந்து அயல்நாடுகளுக்குச் சென்றுவரும் வழக்கம் எம்மவரிடையே பெருகியுள்ளது. செக் குடியரசின் தலைநகரான பிராக், பெர்லினிலிருந்து தொடருந்தில் சில மணி நேரத்திற் சென்றடையக்கூடிய எழில் நகரமாகும். ஆயின் அங்கு எமது யூரோ நாட்டு நாணயமன்று. 2004 இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைந்தபோதிலும் செக் நாடு தனது கொருனா நாணயத்தைக் கைவிடவில்லை. எனவே பயணிகள் பணம் மாற்ற வேண்டியவராகின்றனர். அவ்விடத்திலேதான் ஏமாற்றுவோர் காத்து நிற்கின்றனர்.

நாமும் ஏமாந்தோம். பழைய நகரச் சதுக்கத்திற்கு அண்மையில் நாணயமாற்று நிலையமொன்றின் வாசலில் நின்றபோது, நன்கு உடுத்திய ஒருவர் எம்மை அணுகி, உள்ளே தருவதிலும் கூடுதலாகத் தருவதாக யேர்மன் மொழியிற் கூறினார். 100 யூரோவை நீட்டினோம். 2000 எனவும் 500 எனவும் அச்சிட்ட இரு தாள்களைத் தந்துவிட்டு விரைந்து மறைந்தார். நல்ல இலாபம் என்று மகிழ்ந்தவாறே தண்ணீர்ப் போத்தல் வாங்கச் சென்றோம். கடைக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தலையை அசைத்தார். அப்பொழுது எமது மகள், “அப்பா, இது வேற எழுத்தெல்லோ!” என்றாள்.

அவள் கூறியது சரியே. அவை பல்கேரியாவின் பழைய லெவ் தாள்கள். 1999 இல் அந்நாடு 1000 பழைய லெவை ஒரு புதிய லெவாக மாற்றியமைத்தபோது அத்தாள்கள் மதிப்பிழந்தன. பார்வைக்குப் பணமாகத் தோன்றும் அக்காகிதங்களே பிராக் வீதிகளில் பயணிகளின் கைகளிற் திணிக்கப்பட்டன. பின்னாளில் பெலாருசின் பழைய ரூபிள் தாள்களும் இவ்வாறே பயன்படுத்தப்பட்டன.

இத்தொழிலுக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1989 வரை நிலவிய பொதுவுடைமை ஆட்சியில் அந்நியச் செலாவணி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அரச வங்கி தருவதிலும் கூடுதலான விலையை வீதியில் நின்றவர்கள் தந்தனர். அவர்களை ‘வெக்சுலாக்’ என அழைத்தனர். ‘வெக்செல்ன்’ என்னும் யேர்மன் சொல்லை அறிந்த எம் மாணவர்க்கு அதன் வேர் உடனே புலப்படும். 1995 இல் கொருனா தடையின்றி மாற்றத்தக்க நாணயமாகியது. அதன்பின் வீதியில் நிற்பவர் வங்கியிலும் கூடுதலாகத் தருவதற்கு நேர்மையான காரணம் எதுவுமில்லை.

ஆகவே தாளைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். செக் மொழி இலத்தீன் எழுத்தில் எழுதப்படுவது. பல்கேரியத் தாளில் இருப்பதோ சிரில்லிக் எழுத்து. 200 கொருனாத் தாளில் கொமென்ஸ்கி என்னும் கல்வியாளரின் உருவம் உள்ளது. சிறுவர்க்கெனப் படங்களுடன் கூடிய பாடநூலை 1658 இலேயே வெளியிட்டவர் அவர். 500 இல் பொசேனா நெம்சோவா என்னும் பெண் எழுத்தாளர். 1000 இல் வரலாற்றாசிரியர் பலாட்ஸ்கி. பிள்ளைகளே, இவற்றைப் பெற்றோரை விட நீங்களே விரைவில் மனத்திற் பதித்துக்கொள்வீர்கள்.

கடைக்குள் நடப்பது வேறுவகை. அங்கு தரப்படும் தாள் உண்மையானது, விலைதான் குறைவு. பலகையில் வாங்கும் விலை, விற்கும் விலை என இரண்டு இருக்கும். இவை கடைக்காரரின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டவை. எமது யூரோவை அவர் ‘வாங்குகிறார்’. எனவே வாங்கும் விலையே எமக்குரியது. சில கடைகள் விற்கும் விலையைப் பெரிதாகவும் மற்றையதைச் சிறிதாகவும் எழுதின. ‘தரகுக்கூலி இல்லை’ என்னும் விளம்பரமும் அவ்வாறே. கூலியை விலைக்குள்ளேயே எடுத்துவிடலாம். ஒரு யூரோவுக்கு 24 கொருனா கிடைக்கவேண்டிய வேளையில் 17 தந்தால், 100 யூரோவில் 700 கொருனா போய்விடும். ஆகவே “100 யூரோவுக்கு என் கையில் எவ்வளவு தருவீர்கள்?” என்று முதலிற் கேட்டு, எழுதித் தரச்செய்து, அதன் பின்னரே பணத்தை நீட்டவேண்டும்.

2019 ஏப்ரல் முதல் அந்நாட்டுச் சட்டம் எமக்கொரு துணை தருகின்றது. 1000 யூரோ வரையான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள், மாற்றிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துப் பணத்தை மீளப் பெறலாம். பற்றுச்சீட்டை எறிந்துவிடாதீர்கள். வீதியில் மாற்றியவர்க்கு இந்த உதவி கிடையாது.

வங்கி அட்டை வைத்திருப்போர் அதிகம் மாற்றவேண்டியதே இல்லை. பணம் வழங்கும் இயந்திரம், “யூரோவிற் கணக்கிடவா, கொருனாவிலா?” என்று கேட்கும். யூரோ என்பது பழகிய பெயராகையால் கை அதனையே நாடும். கொருனாவையே தெரிவுசெய்க, யூரோவைத் தெரிந்தால் இயந்திரத்துக்குரியவர் தமது விலையில் மாற்றுவார், அது பெரும்பாலும் எமது வங்கியின் விலையிலும் பாதகமானது.

இவற்றை எழுதுவதற்கு எமக்குச் சற்றுக் கூச்சமே. வீடு திரும்பியபின் இழப்பை எவரிடமும் நாம் கூறவில்லை. இரு மாதங்களின் பின் ஒரு விருந்தில், மகள் தானாகவே இக்கதையைச் சொல்லிவிட்டாள். எமது மைத்துனர் நெடுநேரம் மௌனமாக இருந்தார். பின்னர், முந்திய ஆண்டு அதே சதுக்கத்தில் தாமும் 200 யூரோ இழந்ததாகக் கூறினார். எமது பயணத்துக்கு முதல்நாள் தொலைபேசியில், எங்கே நல்ல உணவு கிடைக்கும் என்றெல்லாம் எமக்குச் சொன்னவர் அவர்தான்.